பின்சக்கரத்து டிரம்மும் உங்கள் இடது கையும்

அன்புள்ள என்னங்க,

இருபத்தெட்டு வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன், கடிதத்திலும் பேர் சொல்ல வரவில்லை. 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இருக்கட்டும். நாளைக்கு உங்களுக்கு ரெண்டாவது வருஷத் திதி. அயிரைமீன் குழம்பு வைத்துப் படைக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்களை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நம் மகள் தேன்மொழிக்கு இப்போது ஏழாம் மாசம். கொட்டாம்பட்டியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அது முடிந்ததும் பிரசவத்துக்கு நம் கோச்சடை வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. "வாடகைக் காரெல்லாம் வேணாம்மா. அப்பா வண்டியிலதான் வருவேன்" என்று போனில் ஒரே பிடிவாதம். சரியென்று உங்கள் பழைய அம்பாசடர் காரின் உறையை எடுத்தேன். ஓட்டிய கை மறந்திருக்கக் கூடாதே என்று, வளைகாப்புக்கு ரெண்டு வாரம் முன்னாடி, வில்லாபுரத்தில் இருக்கும் என் தம்பி வீடு வரைக்கும் தனியாக ஒரு நடை போனேன்.

தம்பி வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில், முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதி உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வண்டி நிற்கிற வழியாக இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அதுவும் தொளதொளவென்று கையோடு வந்தது. ஓரமாக ஒடித்து, ரோட்டோரத்து இளநீர்க் குவியலில் முட்டித்தான் நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இளநீர்க்காரர் சண்டைக்கு வரவில்லை, வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பாக்க இம்புட்டுப் பளபளன்னு இருக்கு, நிக்க மாட்டேங்குதேம்மா" என்றார்.

உங்கள் மெக்கானிக் சாகுலை அங்கேயே வரவழைத்து, மெதுவாக அவர் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போனோம். "ஹேண்ட்பிரேக்கு பின்சக்கரத்தத்தான் பிடிக்கும் மதினி. அது கையோட வருதுன்னா கோளாறு பின்னாடிதான்" என்று சொல்லிக்கொண்டே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால் சட்டி மாதிரி இருக்கும் பிரேக் டிரம்மைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் வந்து மாட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா, வர மாட்டேங்குது. பிரேக்குக் கட்டையோட லைனிங்கு ஒரசி ஒரசி உள்பக்கம் பூரா குழிஞ்சுபோச்சு. ஓரம் மட்டும் வரப்பு மாதிரி நிக்கிது. அதுலதான் மாட்டுது."

அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அச்சிலிருந்து ஒழுகிய ஆயிலும் லைனிங் தூளும் குழைந்து, கறுப்புக் களியாக அப்பிக் கிடந்தது. கருகிய நாற்றம் வேறு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, "நகத்த வச்சு இழுத்துப் பாருங்க மதினி" என்றார். வைத்தேன். ஒவ்வொரு கீறலிலும் நகம் விழுந்து விழுந்து எழுந்தது. அங்கங்கே சூட்டில் வெந்து நீலம் பாரித்திருந்தது. அளவுக்கோல் வைத்துப் பார்த்தவர், இனிமேல் கடைசல் பிடித்துச் சமப்படுத்தக்கூட இதில் இரும்பு இல்லை என்றார்.

"எம்புட்டு நாளா சாகுலு இப்படி இருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணே இருக்கும்போதே இப்படித்தான் மதினி. நானும் நாலஞ்சு வாட்டி சொல்லிட்டேன். 'வண்டியோட வந்த ஒரிஜினல் டிரம்முடா. பழைய காரு கண்காட்சில குனிஞ்சு பாப்பாய்ங்க, மாத்துனா மார்க்கு போயிரும்'னாரு. லைனிங்க மட்டும் தடிமனாப் போட்டு ஓட்டச் சொன்னாரு. நான் சொன்னேன்னு புது டிரம்மு ரெண்டு வாங்கத்தான் செஞ்சாரு, மாட்ட விடல. ஒங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கும், பாருங்க."

வீட்டுக்கு வந்து ஏணி போட்டு ஏறினேன். இருந்தது. ரெண்டு டிரம்மும் புத்தம் புதுசாக, கிரீஸ் தடவி, தொலைந்துபோனது என்று நான் வீடெல்லாம் தேடிய அரக்குச் சேலையில் சுற்றிக் கட்டியிருந்தது. சீ, என்ன மனுஷன் நீங்கள்? நல்லதைப் பரணில் தூங்க வைத்துவிட்டு, செத்த இரும்பை நம்பிப் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். கொடைக்கானல் மலை இறங்கும்போது பின் சீட்டில் தேன்மொழி தூங்கிக்கொண்டு வந்தாளே, அப்போதும் இதே டிரம்தானா?

"பின்னாடி கரகரன்னு சத்தம் வருதுங்க" என்று நான் எத்தனை தடவை சொன்னேன். "மண்ணு போயிருக்கும்டி" என்றீர்கள், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டிரம்முக்கு வெளியே கறுப்புப் பெயிண்ட் அடிப்பீர்கள். மறுநாள் நான் குளித்துவிட்டு வந்து சந்தனமும் குங்குமமும் வைப்பேன், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன். உள்ளே இருந்த அந்த அசிங்கத்துக்கா நான் சந்தனம் வைத்தேன்? கண்காட்சியில் வாங்கிய கேடயத்தை அன்றைக்கே ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம்கூட ஒரு கிறுக்கு என்று விட்டிருப்பேன். விட முடியாதது வேறு. நீங்கள் எப்போது பிரேக் பிடித்தாலும் உங்கள் இடது கை ஸ்டியரிங்கை விட்டு என் முன்னால் குறுக்கே வந்துவிடும். நான் முன்னால் போய் இடித்துவிடக் கூடாது என்று. அந்தக் கையைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன் தெரியுமா? வாயைத் திறந்து ஆசையாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், ஆனால் அந்தக் கை சொல்லிவிடும் என்று. வண்டி நிற்காது என்று தெரிந்துதான் கை வந்ததா? பரண் மேலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. ஏமாந்த கேவலத்தில்.

சாகுல் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையத்தையும் லைனிங்கையும் சேர்த்து மாற்றி, புது டிரம் ரெண்டையும் மாட்டிக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து தேன்மொழியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். என் பக்கத்தில், முன்பெல்லாம் நான் உட்காரும் இடத்தில், கை நிறைய வளையலோடு அவள். மேலூர் தாண்டி வரும்போது ஆட்டு மந்தை ஒன்று ரோட்டில் இறங்கிவிட்டது. மிதித்தேன். மிதி பாதி போவதற்குள் வண்டி கட்டிப்போட்ட மாதிரி நின்றது. ஆடுகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

தேன்மொழி சிரித்தாள். "என்னம்மா, அப்பா மாதிரியே பண்ற."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் இடது கை அவள் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பிரேக் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கை போகிறதே. அப்படியென்றால் உங்கள் கை எதற்காக வந்தது? இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

டிரம் விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பேறு முடியட்டும், உள்ளது உள்ளபடி சொல்லுவேன். உங்களைக் காப்பாற்ற மாட்டேன். அந்தப் பழைய டிரம் ரெண்டையும் எந்தக் கண்காட்சிக்காரன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன், எடைக்குத்தான் போடுவேன். பிறக்கப்போகும் உங்கள் பேரப்பிள்ளை இந்த வண்டியில் ஏறும் ஒவ்வொரு வருஷமும் பின்சக்கரத்தைக் கழற்றி, என் நகத்தை வைத்துப் பார்ப்பேன். இது சத்தியம். கை இப்படிக் குறுக்கே வருவதைப் பற்றி அந்தப் பிள்ளை கேட்டால், தாத்தாவிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது மட்டும் பொய் இல்லையே.

இடது பக்க சீட்டில் உங்களை நம்பி உட்கார்ந்திருந்த
உங்கள் மனைவி,
பார்வதி