ஞாயிறுதோறும் ஒரு நகல்

டாம்வொர்த்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள விலிகேசாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நம் குட்டி லூசியானா பள்ளிக்கு அழாமல் போகிறாளா? முதியோர் இல்லத்து வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தாளில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வியாழனன்று என் கணினி அடியோடு படுத்துவிட்டது. மூன்று வருடமாக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை எல்லாம் அஞ்சல் பெட்டியிலிருந்து அழித்துவிட்டு அதில்தான் இறக்கி வைத்திருந்தேன். நல்லவேளையாக, ஞாயிறுதோறும் அவை தாமாகவே ஒரு தனி வட்டில் நகலாகும்படி போன வருடமே செய்துவைத்திருந்தேன். அன்று என் அறைத்தோழி மகரேட்டா சிரித்தாள்.

"புருஷன் மீன் பிடிச்ச கதைக்கெல்லாம் நகலாடி?"

நேற்று அவள் கணினியில்தான் வட்டைச் செருகினோம். எல்லாம் அப்படியே வந்தன. லூசியானாவுக்கு முதல் பல் விழுந்ததை நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதை மகரேட்டாவே உரக்கப் படித்தாள். பிறகு அதையே இன்னொரு முறை படித்தாள்.

"எனக்கும் இதே மாதிரி செஞ்சு குடுடி. அம்மா எழுதினதெல்லாம் சும்மா கெடக்கு" என்றாள்.

புதன்கிழமை நீங்கள் அனுப்பியது மட்டும் நகலாவதற்குள் போய்விட்டது. தயவுசெய்து திரும்ப அனுப்புங்கள்; மகரேட்டாவின் கணினியில் திறந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வேறு கணினி வாங்கும் வரை நான் தாளில்தான் எழுதுவேன். அவள் கணினியில் உட்கார்ந்தால் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.

இன்னொன்று. மூன்று வருட மின்னஞ்சலும் ஒரே நிமிடத்தில் ஏறிவிட்டது. வட்டில் இன்னும் இடம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள்
டோரிகா