றினோஸாவின் வீட்டிலிருந்து எங்கள் பாடசாலையை வெளியேற்றித் தருமாறு கேட்கும் மனு

அனுப்புநர்:
அருட்சகோதரி மெட்டில்டா,
பொறுப்பாளர்,
நல்வரவு விசேட சிறுவர் பாடசாலை,
கடற்கரை வீதி, புன்னையடித்துறை,
கல்முனை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
புன்னையடித்துறை.

விடயம்: எங்கள் பாடசாலைக்குச் சாதகமாக வழங்கப்பட்ட உத்தரவை இரத்துச் செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவொன்று எங்கள் பாடசாலையின் வாயிற்கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தக் காலம் முடியும்வரை வீட்டு உரிமையாளர் பாடசாலையை வெளியேற்றக் கூடாது என்பது அதன் சாரம். அந்த உத்தரவால் நன்மை பெறுபவள் நான். அதை இரத்துச் செய்து எங்களை வெளியே அனுப்பிவிடுமாறு கேட்பவளும் நானே. யாரோ சிஸ்டரை மிரட்டி எழுதவைத்திருக்கிறார்கள் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. என்னை ஒருவரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இந்த மனுவை எழுதியிருக்கவே மாட்டேன். என் சுபாவம் அப்படி.

2. நான் பிறந்தது தூத்துக்குடிக் கரையில். எங்கள் கன்னியர் சபை என்னை இங்கே அனுப்பி, நடக்க இயலாத, காது கேளாத, மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பாடசாலையைத் தொடங்கச் சொன்னது. பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். மீதிப் பேர் பாண்டிருப்புப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளும், கத்தோலிக்க, மெதடிஸ்த வீட்டுப் பிள்ளைகளும். காலையில் கதவைத் திறந்தால் முதல் வேலை, காற்று கொண்டுவந்து கொட்டிய கடல் மணலைக் கூட்டித் தள்ளுவது. மணல் கிடந்தால் சக்கர நாற்காலி ஓடாது. பிறகு பெனடிக்கின் ஓட்டோ பிள்ளைகளை ஏற்றிவரத் தொடங்கும். நிதுசன் என்ற பையன் மின்விசிறி சுற்றுவதைக் கண்டால்தான் உட்காருவான். மின்சாரம் இல்லாத நாளில் நான் அட்டையால் விசிறிக்கொண்டே பாடம் நடத்த வேண்டும். நபீஸா இந்த வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை பழகினாள். மத்தியானச் சோறு எல்லோருக்கும் ஒரே பானையில். இறைச்சி வாங்குவதை மட்டும் வீட்டுக்கார அம்மா ஜெமீலாவிடமே விட்டிருக்கிறேன், ஹலால் தவறக் கூடாது என்பதற்காக. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்கு முன்பே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மதம் மாற்ற வந்தவளா என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் காற்சட்டை மாற்றவே பொழுது போதவில்லை என்று பதில் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் எவரும் கேட்டதில்லை, சென்ற வாரம்வரை.

3. இனி வீட்டு விடயம். ஜெமீலாவின் கணவர் அப்துல் ஸமட் வரிப்பத்தான்சேனையில் வயல் செய்பவர். நான் வீடு கேட்டுப் போனபோது மனமுவந்து சம்மதித்தார். வாசற்படியை இடித்துச் சக்கர நாற்காலிக்குச் சீமெந்துச் சாய்வு கட்ட வேண்டும் என்றேன். மேசனை அவரே கூட்டி வந்தார். ஒப்பந்தத்தில் அவரும் நானும் கையெழுத்திட்டோம். ஜெமீலா தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு தகப்பனுடையது, பிறகு மகனுடையது. இந்தக் கரையிலோ வீடு மகளுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுகிறார்; பெற்றோர் பின்வளவில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடல் உப்பென்று யார் யாருக்குச் சொல்வார்கள்? பிற்பாடு ஜெமீலா சொன்னதை அப்படியே தருகிறேன்: "சிஸ்டர், ஊடு றினோஸாட. அவ பொறந்த அண்டே அது அவட. வாப்பா கையெழுத்து வெச்சா அது வாப்பாட ஆகிருமா?"

4. றினோஸா, ஜெமீலாவுக்கும் அப்துல் ஸமட்டுக்கும் ஒரே மகள். எங்கள் பாடசாலையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவளும் அவளே. இம்மாதக் கடைசியில் அவளுக்கு நிக்காஹ் என்று நிச்சயமானது. ஒப்பந்தப்படி எங்களுக்கு இன்னும் காலம் இருந்தது. ஜெமீலா அதைப்பற்றி என்னிடம் வாய் திறக்கவே கூச்சப்பட்டார். விடயம் காதில் விழுந்ததும் பெற்றோர் கூட்டத்தில், நாம் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான், என் முகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டது போலும். பெற்றோர் சங்கத்தின் செயலாளர் திருமதி யசோதினி, நிதுசனின் தாய், எனக்குத் தெரியாமலே தங்களுக்கு மனுக் கொடுத்துவிட்டார். இயலாத பிள்ளைகளைத் தெருவில் விடப் பார்க்கிறார்கள் என்று எழுதினாராம். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அப்படியொரு பிள்ளையைப் பெற்றவள் எங்கும் கேட்டுவிட்டு ஓடுவதில்லை, ஓடிவிட்டுத்தான் கேட்கிறாள்.

எங்களுக்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று நான் பலமுறை கொடுத்த விண்ணப்பங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. இந்த மனுவுக்கு மட்டும் ஒரு வாரத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. தங்கள் அலுவலகத்தின் வேகத்துக்கு நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

5. உத்தரவு ஒட்டப்பட்ட இரண்டாம் நாள், வீட்டுக்குச் சாயம் பூசுவது பற்றிப் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அரசாங்க முத்திரையோடு கதவில் தாள். வாசித்தார்கள். உள்ளே வராமலே திரும்பினார்கள். கல்யாணத்தைப் பிறகு பார்ப்போம் என்று மறுநாள் ஆள் சொல்லி அனுப்பினார்கள். வீடில்லாத பெண்ணுக்கு இந்த ஊரில் என்ன நிலைமை என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும். அதற்குள் சந்தையில் "சிஸ்டர் ஊட்டப் புடிச்சிட்டா" என்று கதை கிளம்பிவிட்டது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் வந்து, மரியாதையாக உட்கார்ந்து தேநீர் குடித்து, சபை இந்த வீட்டை எடுக்கப் போகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. அந்த வாரமே இரண்டு உம்மாமார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நபீஸா. இனிமேல் அவள் எந்த ஜன்னலைப் பிடித்து நடப்பாள்?

6. எனக்குப் பயமாயிருக்கிறது, ஐயா. இதை மனுவில் எழுதலாமோ தெரியாது, எழுதிவிட்டேன். கதவடியில் மோட்டார் சைக்கிள் நின்றால் உடனே பிள்ளைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரே பானையில் சாப்பிடும் பிள்ளைகள் இவர்கள். பெரியவர்கள் மனதில் ஒரு கதை விழுந்துவிட்டால் அந்த வாங்கு பிளந்துவிடும். பிறகு எந்த உத்தரவைக் கொண்டு அதை ஒட்டுவது? றினோஸா இன்னும் ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வருகிறாள். பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறாள், கைகளால் அவர்களோடு கதைக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருக்கும்.

7. ஆகவே தங்களிடம் கேட்பவை:

அ. மேற்படி உத்தரவை உடனே இரத்துச் செய்து, ஒட்டிய உத்தியோகத்தரே பகல் வேளையில், ஊரார் பார்க்க, அந்தத் தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். நான் கிழித்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

ஆ. அந்த வீட்டின்மீது பாடசாலைக்கோ சபைக்கோ எந்த உரிமையும் இல்லை என்று தங்கள் கையொப்பத்துடன் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு கடிதம் தர வேண்டும். ஒப்பந்தத்தை நான் விட்டுக்கொடுத்ததற்கான கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இ. சந்திக்கருகே பூட்டிக் கிடக்கும் பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடத்தை எங்களுக்குத் தற்காலிகமாகத் தர வேண்டும். கூரை ஒழுகும் என்று தங்கள் எழுதுவினைஞர் சொன்னார். ஒழுகாத பக்கத்தில் இருந்துகொள்வோம்.

யசோதினி மீதோ அப்துல் ஸமட் மீதோ எந்த விசாரணையும் வேண்டாம். இருவருமே பிள்ளைகளுக்காகச் செய்தவர்கள்.

8. கடைசியாக ஒன்று. கட்டடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வெள்ளிக்கிழமையோடு வீட்டைக் காலி செய்வதாக ஜெமீலாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டைப் பழையபடி ஆக்கிக் கொடுப்பதுதானே முறை. ஆகவே நேற்று மேசனை அழைத்து, சாய்வை உடைத்துப் படியைத் திரும்பக் கட்டச் சொன்னேன். அவர் சுத்தியலை எடுத்த நேரம் றினோஸா வெளியே வந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அத உடைக்க வாணாம் சிஸ்டர். புள்ளைகள் என்ட கலியாணத்துக்கு எப்பிடி ஏறி வார?"

சாய்வு அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் அதில் ஏறிப் போவதற்கு அங்கே ஒரு கல்யாணம் நடக்க வேண்டும். அது தங்கள் கையில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை, பெனடிக் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சந்திக்கு வந்து நிற்பார். ஓட்டோவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் தாங்களே அவருக்குச் சொல்ல வேண்டும்.

தங்கள் பதிலுக்காகக் கதவைப் பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அருட்சகோதரி மெட்டில்டா

இடம்: புன்னையடித்துறை
திகதி: 05.08.2025

பிரதி: திருமதி யசோதினி, செயலாளர், பெற்றோர் சங்கம். (ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் மனுக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பாடசாலையில் இத்தோடு நிற்கட்டும்.)