யாரும் உன்னைத் திட்டவில்லை

அன்புத் தம்பிக்கு,

மக்காவுச் சித்தி வீட்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் இரு. ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங் கப்பலில் ஏற வேண்டாம். கடல் சரியில்லை என்கிறார்கள்.

போன வாரம் தேநீர்க்கடையில் பிங் மாமா தன் கையால் உன் கோப்பையை நிரப்பினார். தெருவே நடுங்கும் மனுஷர். இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி காட்டினால் உன் விரல் தேய்ந்தா போகும்? பேப்பரின் குதிரைப் பந்தயப் பக்கத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆறிப்போச்சு, வேற ஊத்துங்க" என்றாய்.

"பார்றா, மணலும் புழுதியுமா பறக்குறான்!" என்று கடையே சிரித்தது. மாமாவின் ஆள் லோக், "பல்லை ரொம்பத்தான் தேய்க்குறான்" என்றான். பீற்றிக்கொள்கிறவனை நம் பேட்டையில் இப்படித்தான் திட்டுவார்கள். திட்டினால் அதோடு மறந்தும் போவார்கள்.

நேற்று உனக்காக நானே போய் மாமாவுக்குத் தேநீர் ஊற்றி மன்னிப்புக் கேட்டேன். அவர் குடிக்கவில்லை.

"எதுக்கும்மா மன்னிப்பு? அவன் நல்ல பையன்" என்றார்.

"ரொம்ப நல்ல பையன்" என்றான் லோக்.

இந்த முறை புழுதி என்றோ பல் என்றோ ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருமுறை திட்டிவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்துவர லோக்கே துறைமுகத்துக்கு வருகிறானாம்.

நான் கிளம்பும்போது மாமா நீ வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு கோப்பை வைத்து நிரப்பினார். பிறகு அதை எடுத்து, அப்பா கல்லறையில் நாம் செய்வோமே, அதேபோல மெல்லத் தரையில் ஊற்றினார்.

கடல் சரியில்லை, தம்பி.

உன் அக்கா