சிரித்துக்கொண்டே செத்தாயாம்

புது ஃப்ளெக்ஸ் பேனரின் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. திருப்போரூரில் நேற்று நம் வாசகர் வட்டம் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தது. மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு நீ. வாழ்நாளில் நீ போடாத நீலக் கோட்டின் மேல் உன் தலையை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிங்கம். கீழே, 'மரணத்தைப் பார்த்துச் சிரித்தவர்'. எனக்கு ஆத்திரம் வந்தது.

உனக்கும் வந்திருக்கும். சதுரங்கப்பட்டினம் கோட்டையில் டச்சுக்காரர் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சாகப்போவது தெரிந்தும் மனிதன் எதை நம்பி வாழத் துணிகிறான் என்று எத்தனை தத்துவப் புத்தகங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். எதற்கும் அஞ்சாத கதாநாயகன் வந்தாலே நாவலை மூடிவிடுவாய். பயமே இல்லாதவனுக்குத் தைரியம் எதற்கு என்பாய். ஒருநாள் ஒரு கல்லறையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கப்பலச் செதுக்கிகீறான், பட்டம் பதவியச் செதுக்கிகீறான். பயந்துகினு செத்தான்னு ஒருத்தனும் செதுக்கல பாரு."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வட்டத்தின் தலைவர் வந்தாரே. ஆப்பிள் பையை வைத்துவிட்டு, பெரிய எழுத்தாளர்கள் சாவை எப்படி எதிர்கொண்டார்கள் என்று உனக்கே பாடம் எடுத்தார். நீ இடைமறித்து, பயமாக இருக்கிறது என்றாய், கண்ணில் நீரோடு. மனிதர் உன் முகத்தைப் பார்க்காமல் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பயந்துகினு செத்தான்னே சொல்லுடா. வேற எதையும் சொல்லிடாத."

அதே மனிதர்தான் நேற்று மைக்கைப் பிடித்து, கடைசிவரை நீ புன்னகைத்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். கைதட்டல் வேறு. படித்த புத்தகமெல்லாம் இவர்களுக்கு மேடையில் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைதான். த்தூ.

முன்வரிசையில் உன் தங்கை. மாமியாரைப் பார்த்துக்கொண்டு கருங்குழியில் வீட்டோடு கிடந்தவள், உன் கடைசி நாட்களில் வர முடியவில்லை. உன்னைத் தின்ற அதே புற்றுநோய் இப்போது அவள் வயிற்றிலும் இருக்கிறது. போன மாதம்தான் தெரிந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தபோது என்னிடம் வந்தாள். அண்ணன் அத்தனை தைரியமாக இருந்திருக்கிறாரே, தான் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டாள்.

"ராத்திரியெல்லாம் ஒதறிகினு கெடக்கிறேன் அண்ணா. புள்ளைங்க முன்னாடி சிரிச்சிகினு சமாளிக்கிறேன். அண்ணன் பேரக் கெடுத்துடுவேன் போல."

அந்த பேனரைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. நீ அழுததை, என் கையை விடாமல் பிடித்திருந்ததை, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் பயத்தை மறைக்காமல் சொன்னதை அவளிடம் சொன்னேன். தலைவர் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஸ்கேன். நானும் கூடப் போகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.