பித்தளைக்கு வயசேற்றியது

14 பிப்ரவரி 1939, செவ்வாய்

ஒட்டடை அடிக்கப் போய் கூடத்துச் சுவர் விளக்கை உடைத்துவிட்டேன். ஜோடியில் வலப்பக்கத்தது, பித்தளைக் கையே இரண்டாகிவிட்டது. மாமனார் வாங்கி மாட்டியது. அவர் காலமாகி எட்டு வருஷம். அவர் கை பட்டபடியே இருக்கட்டும் என்று மாமியார் அவற்றை யாரையும் தேய்க்க விட்டதில்லை. கரண்ட் வந்தபோதுகூட, கறுப்பு கலையாமல் ஒயர் இழுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார்.

நாத்தனாரின் பிரசவத்துக்காக மாமியார் முசிறி போயிருக்கிறார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னை ஒரு சொல் சுடச் சொன்னதில்லை. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

16, வியாழன்

பெரிய கடைவீதியில் அதே வார்ப்பில் ஒன்று கிடைத்ததென்று இவர் வாங்கி வந்தார். மூக்குத்தி மாதிரி மின்னுகிறது. பழசாக்கக் கடைக்காரர் ரத்தினவேல் வழி சொல்லியிருக்கிறாராம். "அம்மாட்ட மூச்சு விடாதே" என்றார் இவர்.

18, சனி

பானையின் அடியில் பழைய கோமியம். உப்புத் தண்ணீர் தெளித்த விளக்கு அதில் படாமல் கயிற்றில் தொங்குகிறது. பானை வாய்க்குத் துணி கட்டியாயிற்று. ஆனாலும் கொல்லைப்பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

20, திங்கள்

வெறும் பழுப்பு. மறுபடியும் பானைக்குள்.

23, வியாழன்

நல்ல கறுப்பு, இடுக்கில் பச்சைகூட. பழையதன் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும்.

24, வெள்ளி

தாயார் சன்னதிக்குப் போய்விட்டு வந்தால் — ஐயோ. கிணற்றடியில் காயவைத்திருந்ததை, வேலைக்கு வரும் ரெங்கம்மாள் வெள்ளிக்கிழமைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். "கை ஓஞ்சு போச்சுங்கம்மா, அவ்வளவு கறை" என்று பெருமை வேறு. அவளை என்ன சொல்ல? நாளைக் காலை பஸ்ஸில் மாமியார் வருகிறார்.

25, சனி

வந்தார். கூடத்துச் சுவரில் ஒன்று கறுப்பு, ஒன்று பளபளப்பு. ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு பேரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கால் அலம்பப் போய்விட்டார். சொல்ல வாயெடுத்தவள், சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்ததோடு சரி.

26, ஞாயிறு

காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோமியப் பானை உட்பட. மாமியார் இவரைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து இடப்பக்கத்து விளக்கைக் கழற்றச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். வேண்டாம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குழந்தையப் பத்தி விசாரிக்க நாலு பேர் வருவா. ஒண்ணு மட்டும் மின்னித்துன்னா, ஏன்னு உன்னைத்தான் கேப்பா. விடு, தண்ணி ஊத்து."

அரைமணி தேய்த்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அரவிந்தவல்லி மாமி வந்தவர், விளக்குகளை ஏறிட்டுப் பார்த்து, தேய்த்துவிட்டீர்களா என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

"ஆமா, நான்தான் தேய்ச்சேன். ரொம்ப நாளாச்சு" என்றார் மாமியார்.

நான் காபி கலக்க உள்ளே போய், அங்கே நின்று அழுதேன்.