பிரசவ தேதி கேட்ட பெட்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் வரை பார்சல் கட்டியே முதுகு விட்டுப்போனது. எல்லாம் தம்பி விக்ரம் போன மாதம் எங்கள் இணையக் கடையில் வைத்த பாப்-அப் செய்கிற வேலை. கடைக்குள் யார் நுழைந்தாலும் ஒரு இளஞ்சிவப்புப் பெட்டி எழுந்து திரையை மறைத்துக்கொண்டு, “உங்கள் குட்டி எப்போது வருகிறது?” என்று கேட்கிறது. பிரசவ தேதியும் போன் நம்பரும் கொடுத்தால் தள்ளுபடி. பிறகு வாராவாரம் மெசேஜ் போகும். இந்த வாரம் குட்டிக்குக் காது கேட்கும், இந்த வாரம் கண் திறக்கும், ஜப்லா வாங்கிவிட்டீர்களா என்று.

விக்ரமுக்கு இது தந்திரமாகத் தெரியவில்லை. சுஷ்மாவுக்கு ஆறாம் மாதம். பெண்டாட்டி வயிற்றில் காதை வைத்து வாரத்தை எண்ணுகிறவன், ஊரில் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று நினைக்கிறான். நைட்டியும் பச்சைக் குழந்தைச் சட்டையும் விற்கத் தொடங்கிய இத்தனை வருடத்தில் இப்படி ஆர்டர் வந்ததில்லை. நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

பிப்ரவரி 21, வெள்ளி

அலங்காநல்லூரிலிருந்து இன்னும் இரண்டு பெண்களைத் தைக்கச் சேர்த்தோம். மாடியில் மெஷின் சத்தம் ஓயவில்லை.

மார்ச் 6, வியாழன்

கடை நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். உசிலம்பட்டி, பெயர் சத்யப்ரியா. அளவு மாற்றத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஆர்டர் நம்பரைக் கேட்டேன்.

“எனக்கு மெசேஜ் அனுப்புறத நிப்பாட்டுங்க. புள்ள இல்ல இப்ப.”

எட்டாம் மாதம், வயிற்றிலேயே போய்விட்டதாம். நான் என்ன சொன்னேன்? “ஸாரிம்மா.” அவ்வளவுதான். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

விக்ரமிடம் சொன்னதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. கையோடு உட்கார்ந்து அவள் நம்பரை நீக்கினான். சுஷ்மா காதுக்குப் போக வேண்டாம் என்றான்.

மார்ச் 29, சனி

வாசலில் ஒருவர் வந்து நின்றார். மருது என்றார், சத்யப்ரியாவின் கணவர். பார்சல் உறையிலிருந்த முகவரியைப் பார்த்துப் பஸ் பிடித்து விளாங்குடி வரை வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. போனை நீட்டினார்.

அவள் எங்களுக்குக் கொடுத்திருந்த பிரசவ தேதி முந்தாநாள்தான். அன்று காலை எங்கள் கடையிலிருந்து போன மெசேஜ்: “குட்டி வந்தாச்சா? வாழ்த்துகள்!” வாரப் பட்டியலில் நீக்கிய நம்பர் வாழ்த்துப் பட்டியலில் அப்படியே இருந்திருக்கிறது.

“ஒங்களைத் திட்டணும்னு வரலக்கா,” என்றார். “ரெண்டு நாளா அவ ஒண்ணும் சாப்பிடல. நம்பரை எடுத்துரலாம்னு நானே ஒங்க கடைக்குள்ள போயிப் பாத்தேன். அந்தப் பெட்டி தேதி கேக்குது. போட்டாத்தான் வெலகுது. புள்ள போயிருச்சுன்னு சொல்ல அதுல எங்கயுமே எடமில்லையேக்கா.”

மூடுவதற்குக் குறி இருக்கத்தான் செய்கிறது. வலது மூலையில், அதே இளஞ்சிவப்பில், விரலுக்கு அகப்படாத அளவில். அப்படி வைத்தால்தான் நம்பர் கொடுப்பார்கள் என்று விக்ரம் சொன்னான்.

அவர் போன பிறகு திரும்பினால், கதவுக்குப் பின்னால் சுஷ்மா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டு வாசலில் அந்த ஆளை நிறுத்தி வைத்து ஏன் பேசவிட்டாய் என்று விக்ரம் குதிக்கிறான். பெட்டியை எடுத்துவிடு என்றேன். ஒருத்தருக்கு நடந்ததற்காக மற்றவர்கள் சந்தோஷத்தையும் நிறுத்துவதா என்கிறான். மாடியில் தைக்கிறவர்களுக்கு நீ பதில் சொல்வாயா என்கிறான்.

அதுவும் பொய்யில்லையே.

மார்ச் 31, திங்கள்

எடுத்துவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. மெசேஜ்களையும் நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஆர்டர் பாதிக்கும் கீழே. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடமும் இனி வர வேண்டாம் என்று சொன்னேன். மூத்தவள், வேலை வந்தால் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி, டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை.

விக்ரம் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சோறு, பேச்சு மட்டும் கிடையாது.

ஏப்ரல் 18, வெள்ளி

சுஷ்மாவுக்கு வலி வந்துவிட்டது. இன்னும் நாள் இருக்கிறதே – ஆட்டோவில் அவள் என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். பெண் குழந்தை. முகம்கூடக் காட்டாமல், குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஏப்ரல் 23, புதன்

டாக்டர் இன்றும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். என்னத்தைப் பார்ப்பது?

வராந்தாவில் விக்ரமின் போன் ஓயாமல் அடித்தது. யாரோ செய்தியைப் பரப்பியிருக்கிறார்கள். அவன் கூட்டாளி ஒருவன், பிள்ளை பிறந்தும் ஸ்வீட் வரலையே மாப்ள என்று சிரிப்பது எனக்கே கேட்டது. இவன் போனை அணைத்து என் மடியில் வைத்தான்.

“நீ வச்சுக்கக்கா. என்னால முடியல.”

சண்டைக்குப் பிறகு என்னோடு பேசியது இதுதான்.

மே 14, புதன்

குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டம் முழுதாகக் கலையவில்லை, கார் எங்கெங்கோ சுற்றி வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. சுஷ்மா தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் தைத்ததிலேயே சின்ன ஜப்லாவும் அதற்குத் தொளதொளவென்று இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

விக்ரம் வேறொரு பெட்டி செய்திருக்கிறான். நுழைந்ததும் குறுக்கே வராது. நாலைந்து சட்டை பார்த்த பிறகு, கீழ்ப்பக்கம் சின்னதாக எழும். நம்பர் மட்டும் கேட்கும். மூடும் குறி கட்டைவிரல் அகலம். ஒவ்வொரு மெசேஜின் கீழும் ‘இனி வேண்டாம்’ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. ஏன் வேண்டாம் என்று ஒரு கேள்வி வைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். வைக்க வேண்டாம் என்றுவிட்டான்.

பழையதில் பாதி நம்பர்கூடச் சேரவில்லை. ஆனால் கொடுக்கிறவர்கள் வாங்குகிறார்கள். மூத்தவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். மற்றவள் மில் வேலைக்குப் போய்விட்டாளாம்.

சத்யப்ரியாவுக்கு இரண்டு வரி எழுதலாமா? எழுதினால், அதுவும் எங்களிடமிருந்து போகிற இன்னொரு மெசேஜ்தானே. எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

திருமங்கலத்துக்குப் போக வேண்டிய பார்சல் ஒன்றைக் காலையில் கட்டி வைத்தேன். தொட்டில் துணி, இரண்டு ஜப்லா, ஒரு குல்லா. மதியம் பார்த்தால் ஆர்டர் ரத்தாகியிருந்தது. ஆர்டர் போட்டவள் ‘இனி வேண்டாம்’ பொத்தானையும் அமுக்கியிருந்தாள்.

மனம் மாறியிருக்கலாம். வேறு கடையில் மலிவாகக் கிடைத்திருக்கலாம்.

விக்ரம் திரையைப் பார்த்தான். பணத்தைத் திருப்பி அனுப்பினான். தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்தான். குல்லாவை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.