அமாவாசையன்று ஓடிய தறி

பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் அந்த வாடை என் நாற்காலி வரை வந்தது. கனிந்துபோன வாழைப்பழமும் மருந்துக்கடையும் சேர்ந்தாற்போன்ற ஒரு வாடை. அந்தக் காலத்தில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய பசைக்கும் அச்சாக இதே வாடைதான். இந்த வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியும் நண்பா, ஆனால் நீ போய்விட்டாய்.

அவள் கல்லூரியில் திரில்லர் குறும்படம் ஒன்று எடுக்க வேண்டுமாம். எடுப்பதற்கு முன் ஆரம்பக் காட்சியைத் திட்டமிட்டு எழுதி, நாலு படங்களின் ஆரம்பங்களோடு வைத்து அலசிக் காட்ட வேண்டுமாம். "தாத்தா, நீங்க எடிட்டர்தானே, பாத்துச் சொல்லுங்க" என்று கைபேசியை என்னிடம் கொடுத்தாள். அவளுடைய கதாநாயகன் முதல் ஷாட்டிலேயே தன் பெயர், ஊர், தன்னைக் கொல்லப் பார்ப்பவர்கள் யார் யார் என்று எல்லாவற்றையும் பின்னணிக் குரலில் ஒப்பிக்கிறான். நீ இதைப் பார்த்திருந்தால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய். அந்த நினைப்பில்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எந்த விலாசத்துக்கு என்று கேட்காதே.

எழுபதுகளின் நடுவில் நாம் இருவரும் சென்னையில் சினிமா படித்தோம். நீ டைரக்ஷன், நான் எடிட்டிங். நீ காஞ்சிபுரத்து நெசவாளர் தெரு, வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நான் பக்கத்திலிருக்கும் ஏனாத்தூர், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. அமாவாசை என்றால் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு உங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது, உனக்கும் வீட்டு வேலை இருக்காது, கோலி ஆட ஆள் கிடைக்கும். அமாவாசையை விட்டால் உங்கள் தெரு அப்படி ஓய்ந்து கிடப்பது அங்கே சாவு விழுந்த நாளில்தான். மற்ற நாளெல்லாம் விடிந்தால் தறிச்சத்தம்தான். அந்தச் சத்தத்தில் பேசிப் பழகியதாலோ என்னவோ, சென்னை விடுதியிலும் நீ கத்தித்தான் பேசுவாய்.

ஆரம்பக் காட்சிகளை அலசுவதற்கு நீ ஒரு முறை வைத்திருந்தாய். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கொட்டகைக்குப் போவோம். செய்திப் படம் முடிந்து, படம் தொடங்கி, முதல் ரீல் ஓடும். அது முடிந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாய். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பாய்: "பாக்குறவனுக்கு இப்போ இன்னா தெரியும்? இன்னா தெரியாது?" கதவுகிட்டே டிக்கெட் கிழிப்பவருக்கு நம் மேல் பெரிய சந்தேகம். உள்ளே எதையோ வைத்துவிட்டு ஓடுகிறோம் என்று ஒருநாள் நாற்காலிக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். எனக்கோ கொலை செய்தது யாரென்று தெரியாமல் சாப்பாடு இறங்காது. உன்னை அனுப்பிவிட்டு மறுநாள் தனியாகப் போய் மீதியைப் பார்ப்பேன். நீ அதையும் கேட்கமாட்டாய். எத்தனையோ படங்களின் ஆரம்பம் உனக்கு மனப்பாடம், ஒன்றின் முடிவும் தெரியாது.

விளையாட்டுப்போலத் தெரிந்தாலும் உனக்கு அது விளையாட்டாக இல்லை. கடைசி வருஷம் ஆளுக்கொரு டிப்ளமா படம். அது தேறி, அதைப் பார்த்து யாராவது உன்னை உதவி இயக்குநராகக் கூப்பிட்டால் சினிமா. இல்லையென்றால் திரும்பி வந்து அப்பாவோடு தறியில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தாய். உன் அப்பா சண்டை போடவில்லை, அதுதான் உன்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் தெலுங்கில் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: "தறி எங்கியும் போவாது. நீ போய்ட்டு வா." உனக்குத் தறி மேல் கோபமில்லை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பது சுவர், ஆயுசுக்கும் அந்தச் சுவரைப் பார்க்க முடியாது என்றுதான் சொன்னாய்.

உன் கதையின் ஆரம்பம் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. அமாவாசை. பட்டப்பகல். நெசவாளர் தெருவில் ஒருவன் நடந்து வருகிறான். எல்லா வீடும் ஓய்ந்திருக்கிறது. திடீரென்று ஒரு தறி ஓடும் சத்தம். வெளியே பூட்டுத் தொங்குகிற ஒரு வீட்டுக்குள்ளிருந்து. அவ்வளவுதான், டைட்டில். உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எந்த வீடு என்று கேட்டார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதற்கு மேல் என்ன அலசல் வேண்டும் என்று நினைத்துவிட்டோம்.

படமும் அமாவாசையன்றே பிடித்தோம். அன்றைக்குத்தான் உன் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்கள், ஆளுக்கொரு வேலை வாங்கலாம். நடந்து வருகிறவன் நான். நடிக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உன் முதுகுல ஒண்ணுமே தெரியலடா. அதான் வேணும்" என்றாய். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கல்லூரி கொடுத்த கச்சா ஃபிலிம் அன்றோடு சரியாகத் தீர்ந்தது. இன்னொரு ஷாட் எடுக்க ஒரு முழம்கூட மிச்சமில்லை.

வகுப்பில் போட்டுக் காட்டிய அன்று நடந்ததை நாம் அப்புறம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. தறிச்சத்தம் வந்தது. யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. விளக்கைப் போட்டதும் மதுரைக்காரன் ஒருவன் கேட்டான்: "ஒருத்தன் நடக்கிறான், தறி ஓடுது. காஞ்சிவரத்துல தறி ஓடாம பின்ன என்னய்யா ஓடும்?" வகுப்பே சிரித்தது. அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அமாவாசையன்று தறி ஓடாது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே அது ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. படம் படமாக ஆரம்பத்தைக் கிழித்துப் பார்த்தவர்கள், நம் ஆரம்பத்தை உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பார்த்திருந்தோம். ஆசிரியர், "படம் இருக்கிறது, ஆரம்பம் எங்கே?" என்றார். தேர்வாளர்கள் வருவதற்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. திரையில் இருப்பது என் முதுகுதான், வாய் தெரியாது. அதன் மேல் ஒரு குரலைப் பதிந்து ஒட்டிவிடலாம். "இன்னிக்கு அமாவாசையாச்சே, எந்த வூட்ல தறி ஓட்டுறாங்க?" ஒரே வரி. மதுரைக்காரனுக்கும் புரியும், தேர்வாளருக்கும் புரியும். நீ எடிட்டிங் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அத்த வாயால சொன்னா பயம் பூடும்டா."

சொல்லாவிட்டால் நீ தறிக்குழிக்குத்தான் போவாய் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீ அறையை விட்டுப் போய்விட்டாய். மறுநாள் விடுதியிலும் நீ இல்லை. கல்லூரி டேப் ரெக்கார்டரையும் காணவில்லை. நீ விட்டுக்கொடுத்து ஊருக்கே போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். உன் படத்தின் சுருளை மேசையில் வைத்துக்கொண்டு, அந்த வரியை என் குரலிலேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். உனக்குத் தெரியாமல் ஒட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். நீ சொன்னது போலவே ஒவ்வொரு தடவையும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

இரண்டாம் நாள் காலை டேப்போடு வந்து நின்றாய். வேலை நாளில் உன் தெருவில் பதிந்த சத்தம். காலையிலிருந்து வீட்டுக்குள் மைக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தெரு முழுக்கத் தறிகள். மத்தியானச் சாப்பாட்டு வேளை வந்ததும் ஒரு வீட்டில் நிற்கிறது, அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் எதிர்ச் சாரியில், ஒவ்வொன்றாக. கடைசியில் ஒரே ஒரு தறி மட்டும் தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அது யாருடையது என்று கேட்டேன்.

"அப்பா. மைக்கப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. சோத்துக்கும் எழுந்துக்கல" என்றாய்.

சொல்லிவிட்டு உடனே திரும்பி, கறுப்பு ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டாய். எடிட்டிங் அறையில் அதற்குப் பஞ்சமில்லை. படத்துக்கு முன்னால் அதை ஒட்டச் சொன்னாய். இருட்டில் தெருவே ஓடும், ஒவ்வொன்றாக நிற்கும், கடைசியில் மிஞ்சும் அப்பாவின் தறியை அங்கே வெட்டி எடுத்துவிட்டால் ஒன்றுமில்லாமல் போகும். அதன் பிறகுதான் படம் தெரியும், நடக்கிற முதுகு, ஓய்ந்த தெரு, பூட்டு. அப்புறம் அப்பாவின் தறி. பார்க்கிறவனுக்கு அமாவாசையைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். இங்கே எப்போதும் ஓடுவது நின்றுவிட்டது, நின்றதில் ஒன்று மட்டும் ஓடுகிறது, அது போதும். நான் ஆட்சேபித்தேன். திரை கறுப்பாக இருந்தால் நம் ஊர்க் கொட்டகையில் விசிலடிப்பார்கள், ஆபரேட்டரைத் திட்டுவார்கள் என்றேன். "அடிக்கட்டும். விசிலு அடிக்கிறவன் காத தொறந்து வச்சிக்கினுதான் அடிப்பான்" என்றாய். அன்று பூராவும் வெட்டி ஒட்டினோம். மாலையில் விரலெல்லாம் பசை, இந்த வாடை.

தேர்வாளர்கள் பார்த்த அன்று நீ உள்ளே உட்காரவில்லை. படம் நின்றுவிட்டதென்று நினைத்து ஆபரேட்டர் விளக்கைப் போட்டுவிடக் கூடாதே என்று அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாய். நான் பின்வரிசையில் இருந்தேன். திரை கறுத்தது. நான் சொன்னபடியே ஒருவன் "ஆபரேட்டர்!" என்றான், நாலு பேர் சிரித்தார்கள். தறிகள் ஓடின. சிரிப்பு அடங்கியது. தறிகள் நிற்கத் தொடங்கின. அரங்கம் எப்போது அமைதியானது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் என் முதுகு திரையில் தெரிந்தபோது ஒரு இருமல்கூட இல்லை. பிறகு உன் அப்பா தறியை மிதித்தார். முன்வரிசையில் இருந்த தேர்வாளர், வாழ்க்கையில் தறியையே பார்த்திராத மனிதர், சட்டென்று தலையைத் திருப்பி அரங்கத்தின் கதவைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை, தேர்வாளர் திரும்பிப் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

நீ தேறினாய், கூப்பிட்டார்கள், போனாய். உன் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் பெரிதாக வந்ததில்லை. ஆனால் படம் தொடங்கத் தெரியாமல் தவித்தவர்கள் உனக்கு ஆள் அனுப்புவார்கள். நீ போய் முதல் ரீலைச் சரிசெய்துவிட்டு, மீதி என்ன ஆனது என்று கேட்காமல் வந்துவிடுவாய். அந்தப் படங்களில் சிலவற்றை நான் கடைசிவரை வெட்டி ஒட்டியிருக்கிறேன். பல படங்களில் உன் ஆரம்பம்தான் உருப்படி. வயதான பிறகு நீ உன் தெருவுக்கே திரும்பினாய். நான் எப்போது வந்தாலும் அந்தச் சண்டையை மறுபடி எடுப்பேன். அந்த ஒரு வரியைப் போட்டிருந்தாலும் நீ தேறியிருப்பாய் என்பேன், உன்னைக் கிளறுவதற்கென்றே. "போடா, முதுகு" என்பாய்.

போன வருஷம் உன் தம்பி போன் செய்தான். "கொஞ்சம் முடியாம இருக்குதுண்ணா அண்ணனுக்கு, ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்க" என்றான். அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க உன்னிடம் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். நல்ல வெயில். பத்தடி நடந்திருப்பேன்.

ஒரு தறியும் ஓடவில்லை.

சாப்பாட்டு வேளை ஆகவில்லை. அமாவாசை கழிந்து நாலைந்து நாளாகியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் நடுத்தெருவில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்த பிறகும் நின்றேன். எந்த வீட்டிலிருந்தாவது ஒன்று ஓடாதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். உன் வீட்டிலிருந்து உன் தம்பி வந்தான். துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். என் பக்கத்தில் வந்து, சொல்வதற்கு வாயைத் திறந்தான்.

சொல்ல வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

பேத்தியின் நகம் காய்ந்துவிட்டது, கைபேசியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பின்னணிக் குரலை எடுத்துவிடு என்றேன். "அப்புறம் எப்படித் தாத்தா புரியும்?" என்றாள். அன்றைக்கு எடிட்டிங் அறையில் நான் நின்ற இடத்தில் அவள் நிற்கிறாள். வரவிருக்கும் அமாவாசைக்கு மறுநாள், தறிகள் மறுபடி ஓடும்போது, அவளை உன் தெருவுக்குக் கூட்டிவருகிறேன், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்து கேட்கட்டும். நான் இப்போதெல்லாம் எந்தத் தெருவுக்குள் போனாலும் கண்ணுக்கு முன் காதைத்தான் அனுப்புகிறேன், அது நீ கொடுத்துவிட்டுப் போனது. நம் சண்டையில் நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்கிறேன். இதை நேரில் சொல்லியிருந்தால் நீ எவ்வளவு கத்தியிருப்பாய் என்று நினைத்தால்தான் தாங்கவில்லை.